மலேரியா எங்கிருந்து வந்தது? நோயாளியைக் கேட்டால் போதாது, ஒட்டுண்ணியையும் கேட்க வேண்டும்

"போன மாசம் எங்கேயாவது வெளியூர் போயிருந்தீங்களா?"

மலேரியா ஏறக்குறைய ஒழிந்துவிட்ட ஊர்களில் யாருக்காவது மலேரியா உறுதியானால், சுகாதாரப் பணியாளர் முதலில் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று. "ஆமாம்" என்றால் அது வெளியிலிருந்து வந்த கேஸ். "இல்லை" என்றால் உள்ளூர் கேஸ். பதிவேட்டில் இரண்டில் ஒரு கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள்.

அந்த ஒரு டிக்கில் நிறைய விஷயம் அடங்கியிருக்கிறது. உள்ளூர் கேஸ் என்றால், அந்தத் தெருவில் ஏற்கெனவே கொசு வழியாக நோய் பரவிக்கொண்டிருக்கிறது என்று பொருள். உடனே மருந்து தெளிக்க வேண்டும், அக்கம்பக்கத்தில் வீடு வீடாக ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். வெளியிலிருந்து வந்தது என்றால் கவனம் துறைமுகத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் எல்லைச் சாவடிக்கும் போய்விடும். ஒரு நாட்டுக்கு 'மலேரியா ஒழிந்த நாடு' என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தருவதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். தொடர்ந்து 3 ஆண்டுகள் உள்ளூர்ப் பரவல் அறவே இருந்திருக்கக் கூடாது.

இவ்வளவு பெரிய முடிவு ஒரு காய்ச்சல்காரரின் ஞாபக சக்தியை நம்பி நிற்கிறது. போன ஊரை அவர் மறந்திருக்கலாம், சொல்லப் பயந்திருக்கலாம். வெளியூர் போய் வந்தவரைக்கூட சொந்தத் தெருக் கொசுவே கடித்திருக்கலாம். அப்படியானால் உண்மையை யாரிடம் கேட்பது? அவர் ரத்தத்தில் இருக்கும் ஒட்டுண்ணியிடம் கேட்கலாம். கடந்த இருபது ஆண்டுகளாக விஞ்ஞானிகள் செய்துவருவது அதைத்தான். ஆனால் கேட்டுத் தெரிந்துகொண்ட பதில் உரியவர் கைக்கு உரிய நேரத்தில் போய்ச் சேருகிறதா? கவலைப்பட வேண்டிய இடம் அதுதான்.

தலையை எண்ணினால் போதாதா?

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2023-இல் உலகம் முழுவதும் சுமார் 26.3 கோடி பேருக்கு மலேரியா வந்தது. இறந்தவர்கள் சுமார் 5.97 லட்சம் பேர். இந்த இறப்புகளில் 95 சதவீதம் ஆப்பிரிக்கப் பகுதியில் நிகழ்ந்தவை. அங்கே பெரும்பாலும் பலியாவது 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

இவை மதிப்பீடுகள் என்பதைக் கவனிக்க வேண்டும். மருத்துவமனைக்கு வருபவர்களை எண்ணலாம். வராமல் வீட்டிலேயே மாத்திரை போட்டுக்கொள்பவர்களை எப்படி எண்ணுவது? அதைவிடச் சிக்கல் ஒன்று உண்டு. மலேரியா அதிகமுள்ள பகுதிகளில் பலர் உடலில் ஒட்டுண்ணி இருந்தும் காய்ச்சலே இல்லாமல் நடமாடுவார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர்களைக் கடிக்கும் கொசுவுக்கு மட்டும் ஒட்டுண்ணி கிடைத்துவிடும்.

கொசுவைப் பிடித்து எண்ணும் முறையும் இருக்கிறது. ஓர் ஆளை ஓர் ஆண்டில் எத்தனை தொற்றுள்ள கொசுக்கள் கடிக்கின்றன என்று கணக்கிடுவார்கள். நோய் அதிகமுள்ள ஊரில் இது சரிவரும். நோய் குறைந்த ஊரில் ராத்திரி பூராவும் கண்விழித்துக் கொசு பிடித்தாலும் ஒட்டுண்ணி உள்ள கொசு ஒன்றுகூட மாட்டாமல் போகலாம். ஒழிப்பின் கடைசிக் கட்டத்தில்தான் தகவல் மிகவும் தேவைப்படுகிறது. பழைய அளவுகோல்கள் கைவிடுவதும் அந்தக் கட்டத்தில்தான்.

கொசு வயிற்றுக்குள் ஒரு கல்யாணம்

ஒட்டுண்ணியின் மரபணு இதில் எப்படி உதவும் என்பது புரிய, அதன் வாழ்க்கை முறை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஆளைக் கொல்லும் மலேரியாவில் பெரும்பகுதிக்குக் காரணம் பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் என்ற ஒட்டுண்ணி. அதன் மரபணுத் தொகுதி 2002-இல் முழுமையாகப் படிக்கப்பட்டது. 14 குரோமோசோம்கள், சுமார் 2.3 கோடி எழுத்துகள், 5,000-க்கும் மேற்பட்ட மரபணுக்கள்.

இந்த ஒட்டுண்ணி மனித உடலில் இருக்கும்போது தன்னைத்தானே நகலெடுத்துப் பெருகுகிறது. கல்லீரலில் தொடங்கி, பிறகு ரத்தச் சிவப்பணுக்களுக்குள் நுழைந்து, 48 மணி நேரத்துக்கு ஒருமுறை பல மடங்காகும். எத்தனை கோடியாகப் பெருகினாலும் அத்தனையும் ஜெராக்ஸ் பிரதிகள் மாதிரிதான். ஆண், பெண் கலப்பு மனித உடலில் நடப்பதில்லை. அந்தக் கல்யாணம் கொசுவின் வயிற்றில் நடக்கிறது.

இப்போது இரண்டு ஊர்களை நினைத்துப் பாருங்கள். ஒன்றில் மலேரியா தலைவிரித்தாடுகிறது. அங்கே ஒரே ஆளின் உடலில் இரண்டு, மூன்று வெவ்வேறு வம்சத்து ஒட்டுண்ணிகள் ஒரே நேரத்தில் இருக்கும். அவரைக் கடிக்கும் கொசு எல்லாவற்றையும் சேர்த்து உறிஞ்சுகிறது. கொசு வயிற்றில் வெவ்வேறு வம்சங்கள் கலக்கின்றன. சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டதுபோல, பிறக்கும் பிள்ளைகள் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது.

இன்னொரு ஊரில் மலேரியா அபூர்வம். நோயாளியின் உடலில் ஒரே வம்சம்தான் இருக்கும். கொசுவுக்குக் கிடைப்பதும் அந்த ஒன்றுதான். கலப்பதற்கு வேறு ஆள் கிடையாது, தன்னோடு தானே கலக்க வேண்டியதுதான். பிறப்பவை எல்லாம் அச்சு அசல் பெற்றோரைப் போலவே இருக்கும். அதே ஒட்டுண்ணி அடுத்த ஆளுக்குப் போகும், அவரிடமிருந்து அடுத்தவருக்கும் போகும்.

ஆக, ஒட்டுண்ணிகளுக்குள் உறவுமுறை எவ்வளவு நெருக்கம் என்று பார்த்தால் அந்த ஊரில் நோய் எவ்வளவு பரவுகிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். எல்லாம் அந்நியர்களாக இருந்தால் பரவல் அதிகம். எல்லாம் உடன்பிறப்புகளாகவும் நகல்களாகவும் இருந்தால் பரவல் குறைவு.

ஒரே நோயாளியின் உடலுக்குள்ளும் இதே கணக்கு செல்லும். அவரிடம் உள்ள இரண்டு வம்சங்களுக்குள் ரத்த சம்பந்தமே இல்லையென்றால், வெவ்வேறு கொசுக்கள் வெவ்வேறு நேரத்தில் கடித்திருக்கும் வாய்ப்பு அதிகம். அவை உடன்பிறப்புகள் என்றால், ஒரே கொசு ஒரே கடியில் இரண்டையும் இறக்கிவிட்டிருக்கலாம்.

தியெஸ் நகரின் 24 எழுத்துகள்

இந்தக் கணக்கு நிஜத்தில் வேலை செய்கிறதா என்பதற்கு நல்ல உதாரணம் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல். தலைநகர் டக்காருக்குக் கிழக்கே இருக்கும் நகரம் தியெஸ். டக்காரில் உள்ள ஷேக் அன்டா டியோப் பல்கலைக்கழகத்தின் டவுடா என்டியாயே குழுவும் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டயான் வர்த், சாரா வோல்க்மன் குழுவும் அங்கே சேர்ந்து வேலை செய்தன.

முழு மரபணுத் தொகுதியையும் படிப்பது அன்று மிகுந்த செலவு பிடிக்கும் வேலை. அதனால் அவர்கள் 2008-இல் ஒரு குறுக்குவழியை வெளியிட்டார்கள். ஒட்டுண்ணிக்கு ஒட்டுண்ணி மாறக்கூடிய 24 இடங்களை மட்டும் மரபணுவில் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வோர் இடத்திலும் இரண்டில் ஒரு எழுத்து இருக்கும். 24 எழுத்துகளையும் வரிசையாக எழுதினால் அது அந்த ஒட்டுண்ணியின் 'பார்கோடு'. மளிகைக் கடையில் சோப்புக் கட்டியை ஸ்கேன் செய்வது போல.

வெறும் 24 எழுத்து போதுமா என்று தோன்றலாம். இரண்டு இரண்டாக 24 முறை பெருக்கினால் 1.67 கோடிக்கும் மேல் சேர்க்கைகள் வரும். எல்லாச் சேர்க்கைக்கும் சம வாய்ப்பு இல்லைதான். ஆனாலும் சம்பந்தமே இல்லாத இரண்டு ஒட்டுண்ணிகளுக்கு 24 எழுத்தும் தற்செயலாகப் பொருந்துவது கடினம். இன்னொரு வசதியும் உண்டு. ஒரே நோயாளியின் மாதிரியில் பல இடங்களில் இரண்டு எழுத்துகளும் சேர்ந்து தெரிந்தால், அவர் உடலில் ஒன்றுக்கு மேற்பட்ட வம்சங்கள் இருக்கின்றன என்று புரிந்துகொள்ளலாம்.

2006 முதல் 2013 வரை தியெஸில் சேகரித்த 1,007 மாதிரிகளை இப்படிப் படித்தார்கள். முடிவுகள் 2015-இல் வெளியாயின. சுமார் 35 சதவீத மாதிரிகள், ஒரே பார்கோடு கொண்ட கூட்டங்களாகப் பிரிந்து நின்றன. சில பார்கோடுகள் ஒரு மழைக்காலத்தோடு மறையாமல் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் தலைகாட்டின. 164 ஒட்டுண்ணிகளின் மரபணுத் தொகுதியை முழுமையாகவும் படித்தார்கள். அதில் குறைந்தது இரண்டு இடங்களில், பெற்றோர் வம்சங்களும் அவற்றுக்குப் பிறந்த முதல் தலைமுறைப் பிள்ளையும் அதே மாதிரிக் குவியலில் கிடைத்தன. ஒரு நகரத்தில் நோய் எந்த அளவுக்குச் சுருங்கியிருந்தால் இப்படிக் குடும்பத்தோடு மாட்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த ஆண்டுகளில்தான் செனகலில் கொசுவலை, ரேபிட் டெஸ்ட், ஆர்டிமிசினின் கூட்டு மருந்து எல்லாம் பரவலாக வந்துசேர்ந்தன. பார்கோடுகளைக் கணித மாதிரியில் போட்டுப் பார்த்தபோது, 2006 முதல் 2010 வரை பரவல் குறைந்ததும் 2012, 2013-இல் மறுபடி ஏறியதும் தெரிந்தன. தியெஸ் நகரின் நோயாளிக் கணக்கும் அதையே காட்டியது.

கணக்கே சொல்லிவிட்டதே, மரபணு எதற்கு?

நியாயமான கேள்வி. தியெஸில் இரண்டும் ஒத்துப்போனது ஒரு பரீட்சை மாதிரி. விடை தெரிந்த கணக்கைக் கொடுத்து, புதுக் கருவி சரியான விடை தருகிறதா என்று பார்த்தாயிற்று. பதிவேடு சரியாக இல்லாத இடங்களில் அந்தக் கருவியை இனி ஓரளவு நம்பலாம். நோயாளிகளை எண்ணுவதால் மட்டும் விடை கிடைக்காத கேள்விகளுக்கும் அதைக் கொண்டு போகலாம்.

அப்படி ஒரு கேள்விதான் தொடக்கத்தில் பார்த்தது. நோய் வெளியிலிருந்து வந்ததா, உள்ளூரிலேயே ஓடுகிறதா?

தான்சானியாவின் ஸான்ஸிபார் தீவுகளை எடுத்துக்கொள்வோம். அங்கே மலேரியா வெகுவாகக் குறைந்து ஆண்டுகள் பல ஆகின்றன. இருந்தும் ஒழிந்தபாடில்லை. பக்கத்திலேயே பெருநிலப் பகுதி. அங்கே மலேரியா அதிகம். நடுவில் தினமும் படகுப் போக்குவரத்து. 'எல்லாம் அக்கரையிலிருந்து வருவதுதான்' என்று சொல்லிவிட வசதியான சூழ்நிலை.

ஒட்டுண்ணிகளின் மரபணு அவ்வளவு எளிதான கதையைச் சொல்லவில்லை. தீவுக்கும் கரைக்கும் இடையே மிக நெருங்கிய உறவுள்ள ஒட்டுண்ணிகள் இருந்தன. ஆக, கடலைத் தாண்டி நோய் வருவது உண்மை. ஆனால் தீவுக்குள்ளேயே, பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளில் நகல் போன்ற ஒட்டுண்ணிக் கூட்டங்களும் கிடைத்தன. தூரம் கூடக் கூட உறவு குறைந்தது. உள்ளூர்க் கொசுக்கள் உள்ளூரிலேயே நோயைக் கைமாற்றுகின்றன என்பதன் அடையாளம் இது. படகுத்துறையில் மட்டும் பரிசோதனை செய்தால் போதாது, ஊருக்குள்ளும் வேலை பாக்கி இருக்கிறது என்று ஒட்டுண்ணியே சொல்கிறது. பயண விவரப் பட்டியலைப் பார்த்து மட்டும் இதைச் சொல்லியிருக்க முடியாது.

ருவாண்டா: இம்முறை வெளியிலிருந்து வரவில்லை

இதே கேள்வி மருந்து விஷயத்தில் உயிர்ப் பிரச்சினையாகிவிடும்.

குளோரோகுயின் ஒரு காலத்தில் மலேரியாவுக்குக் கைகண்ட மருந்து. மலிவானதும்கூட. 1950-களின் கடைசியில் தாய்லாந்து–கம்போடியா எல்லைப் பகுதியில் அதற்கு அடங்காத ஒட்டுண்ணி தோன்றியது. 1970-களின் கடைசியில் கிழக்கு ஆப்பிரிக்காவை எட்டியது. அடுத்து என்ன ஆனது என்பதற்கு செனகல் கிராமங்களே சாட்சி. அங்கே குளோரோகுயின் பலிக்காமல் போன ஆண்டுகளில் குழந்தைகளின் மலேரியா இறப்பு குறைந்தது இரண்டு மடங்கானது. சில இடங்களில் அதைவிடப் பல மடங்கு.

பைரிமெத்தமின் என்ற அடுத்த மருந்துக்கும் அதே கதி. ஆப்பிரிக்காவில் அந்த மருந்தை வலுவாக எதிர்த்து நின்ற ஒட்டுண்ணிகளில், அந்த மரபணுவைச் சுற்றியிருந்த பகுதி தென்கிழக்கு ஆசிய ஒட்டுண்ணிகளுடையதைப் போலவே இருந்தது என்று 2004-இல் காட்டப்பட்டது. அதாவது, எதிர்ப்புத்திறன் ஆசியாவில் பிறந்து ஆப்பிரிக்காவுக்குக் குடிபோனது.

அதனால் இன்றைய முதன்மை மருந்தான ஆர்டிமிசினின் விஷயத்திலும் உலகத்தின் கண் கம்போடியா பக்கமே இருந்தது. அங்கே 2008 வாக்கில் எதிர்ப்புத்திறன் தெரிந்தது. அதற்குக் காரணமான கெல்ச்13 மரபணு 2014-இல் அடையாளம் காணப்பட்டது. ஆசியாவிலேயே அணை கட்டிவிட்டால் ஆப்பிரிக்கா தப்பித்துக்கொள்ளும் என்பதுதான் நினைப்பு.

2020-இல் ருவாண்டாவிலிருந்து வந்த செய்தி அந்த நினைப்பைக் கலைத்தது. கெல்ச்13 மரபணுவில் 561-ஆவது இடத்தில் மாற்றம் கொண்ட ஒட்டுண்ணிகள் அங்கே இருந்தன. மசாக்கா என்ற இடத்தில் 257 மாதிரிகளில் 19. இதே மாற்றம் தென்கிழக்கு ஆசியாவிலும் உண்டு. அப்படியானால் யாராவது விமானத்தில் கொண்டுவந்தார்களா? முழு மரபணுத் தொகுதியையும் படித்ததும் விடை கிடைத்தது. அவை அப்பட்டமான ஆப்பிரிக்க ஒட்டுண்ணிகள். மாற்றத்தைச் சுற்றியுள்ள பகுதியும் ஆசிய வம்சத்தைச் சேர்ந்ததல்ல. எதிர்ப்புத்திறன் ருவாண்டா மண்ணிலேயே தனியாக முளைத்து, நகல்களாகப் பெருகத் தொடங்கியிருந்தது. பின்னர் அண்டை நாடான தான்சானியாவில், ருவாண்டாவை ஒட்டிய ககேரா பகுதியிலும் இதே மாற்றம் தென்பட்டது. உகாண்டாவிலும் வேறு கெல்ச்13 மாற்றங்கள் தனியாகத் தோன்றின.

ஆர்டிமிசினின் எதிர்ப்பு என்றால் மருந்தே வேலை செய்யாது என்று பொருள் இல்லை. ரத்தத்திலிருந்து ஒட்டுண்ணி நீங்க அதிக நாள் ஆகும். கூட்டு மருந்தில் துணையாகச் சேர்க்கும் மற்றொரு மருந்து மிச்சத்தைக் கொன்றுவிடும். அந்தத் துணை மருந்தும் தோற்றால்தான் உண்மையான ஆபத்து. ஆகவே நேரம் இருக்கிறது. ஆனால் நிறைய இல்லை.

ஐந்து வருஷம் எங்கே போனது?

ருவாண்டா ஆய்வில் இன்னொரு விஷயம் உறுத்துகிறது. அந்த மாதிரிகள் சேகரிக்கப்பட்டது 2012-க்கும் 2015-க்கும் இடையில். முழுப் படம் உலகத்துக்குத் தெரிந்தது 2020-இல்.

இதில் யாரையும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஆய்வு அப்படித்தான் நடக்கும். ரத்தத் துளியைக் காகிதத்தில் உலர்த்தி அனுப்புவது, தொலைதூர ஆய்வகத்தில் வரிசையில் காத்திருப்பது, படிப்பது, எழுதுவது, திருத்துவது, அச்சாவது. ஆராய்ச்சிக் கட்டுரைக்கு இந்த வேகம் போதும். ஆனால் ஐந்து மழைக்காலங்கள் என்பது கொசுவுக்கும் ஒட்டுண்ணிக்கும் பல தலைமுறைகள். அதற்குள் அந்த 19 பேரின் ஒட்டுண்ணிகள் எத்தனை பேருக்குப் போயிருக்கும்?

பதில் சீக்கிரம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு எரித்திரியா உதாரணம். அங்கே சில மருத்துவமனைகளில் நுண்ணோக்கியில் ஒட்டுண்ணி கண்ணுக்குத் தெரிந்தது, ரேபிட் டெஸ்ட் மட்டும் 'இல்லை' என்றது. அந்தப் பரிசோதனை தேடும் புரதத்துக்கான மரபணுவையே ஒட்டுண்ணிகள் இழந்திருந்தன. டெஸ்ட்டில் மாட்டாத ஒட்டுண்ணிக்கு மருந்து கிடைக்காது, அது தப்பித்துப் பெருகும். விஷயம் தெரிந்ததும், 2016-லேயே எரித்திரியா பரிசோதனைக் கருவியை மாற்றியது. கைக்கு எட்டிய தகவல், உடனே ஒரு முடிவு.

இன்று தொழில்நுட்பத்தைக் காரணம் சொல்லித் தப்பிக்க முடியாது. கானா நாட்டில் உள்ளங்கையில் அடங்கும் வரிசைப்படுத்தும் கருவியை வைத்து, நோயாளியின் ரத்தத்திலிருந்து மருந்து எதிர்ப்பு விவரங்களை இரண்டே நாளில் படிக்க முடியும் என்று 2023-இல் காட்டியிருக்கிறார்கள். அதுவும் கானாவிலேயே உள்ள ஆய்வகங்களில். மலேரியாஜென் என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு 33 நாடுகளைச் சேர்ந்த 20,000-க்கும் மேற்பட்ட ஒட்டுண்ணி மாதிரிகளின் மரபணு விவரத்தை எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறது. கருவி இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்கத் தகவலும் இருக்கிறது. இல்லாதது, இதை அன்றாட மலேரியா வேலையோடு கோர்க்கும் ஏற்பாடு.

ஒட்டுண்ணி மரபணுவைப் படிப்பது ஆராய்ச்சியாளர் எப்போதாவது வந்து செய்துவிட்டுப் போகும் வேலையாக இருக்கக் கூடாது. மலேரியா உள்ள நாடே, தன் ஆட்களைக் கொண்டு, தன் ஆய்வகத்தில், ஒவ்வொரு பருவமும் செய்யும் வேலையாக மாற வேண்டும். அடுத்த மழைக்கு முன்னால் மாவட்ட மலேரியா அலுவலர் மேசையில் பதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது நோயின் வரலாறாக மட்டுமே மிஞ்சும்.

கொசுவலைக்கே காசில்லை, இதற்கா?

எதிர்ப்பு வரும், வர வேண்டும். 2025-இல் அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி கடுமையாகக் குறைந்த பிறகு பல நாடுகளின் மலேரியா திட்டங்கள் திண்டாடுகின்றன. கொசுவலையும் மருந்துமே சரியாகக் கிடைக்காத இடத்தில் மரபணு ஆய்வகம் ஆடம்பரம் இல்லையா?

கொசுவலைக்கான பணத்தை எடுத்து ஆய்வகத்தில் போடச் சொன்னால் அது தவறுதான். ஊரெல்லாம் மலேரியாவாக இருக்கும் இடத்தில் எல்லா நோயாளியின் ஒட்டுண்ணியையும் படிக்கத் தேவையும் இல்லை. அங்கே விடை தெரிந்ததே: வலை கொடு, மருந்து கொடு. ஆனால் இரண்டு இடங்களில் கணக்கு மாறுகிறது. ஒன்று, மருந்து பலிக்கிறதா என்று பார்க்கும் இடம். பலிக்காத மருந்தை நாடு முழுக்க வாங்கிக் கொடுப்பதைவிடப் பெரிய வீண்செலவு கிடையாது. இன்னொன்று, ஒழிப்பின் கடைசிப் படி. அங்கே கேஸ்கள் சில நூறுதான். ஒவ்வொன்றையும் படிப்பது முடியாத காரியம் இல்லை. தப்பான இடத்தில் மருந்தடிக்கும் செலவு அதைவிட அதிகமாகக்கூட இருக்கலாம்.

மரபணுவுக்கும் வாய் அடைக்கும் இடங்கள்

இதை மந்திரக்கோல் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டு ஒட்டுண்ணிகள் உறவு என்று மரபணு சொல்லும். யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று பெரும்பாலும் சொல்லாது. பக்கத்து நாட்டில் மாதிரியே எடுக்கவில்லை என்றால், அங்கிருந்து வந்த ஒட்டுண்ணி எங்கிருந்து வந்தது என்பது தெரியாமலே போகும். எல்லையின் இரு பக்கமும் படித்தால்தான் குடும்ப மரம் முழுமையாகும்.

இந்தியாவிலும் இலங்கையிலும் நன்கு தெரிந்த வைவாக்ஸ் வகை மலேரியாவில் தொல்லை இன்னும் கூடுதல். வைவாக்ஸ் ஒட்டுண்ணி கல்லீரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து திரும்பவும் எழும். எழுந்து வருவது முதலில் வந்த வம்சமாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. அதனால் இது பழைய தொற்றின் மறுவருகையா, புதுக் கொசுக்கடியா என்று பிரித்துச் சொல்வது ரொம்பவே கடினம்.

இலங்கை இந்தக் கேள்வியோடு தினமும் வாழும் நாடு. 1963-இல் வெறும் 17 கேஸ்களாகக் குறைந்த மலேரியா, கண்காணிப்பு தளர்ந்ததும் 1960-களின் கடைசியில் 5 லட்சத்தைத் தாண்டி எழுந்ததை அது பார்த்திருக்கிறது. 2012 அக்டோபருக்குப் பிறகு உள்ளூர்த் தொற்று இல்லாமல், 2016 செப்டம்பரில் மலேரியா ஒழிந்த நாடாகச் சான்று பெற்றது. பிறகு 2018-இல், இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு தொழிலாளிக்கு வைவாக்ஸ் மலேரியா வந்ததைத் தொடர்ந்து, வெளிநாடு போகாத ஓர் இலங்கையருக்கும் அது தொற்றியது. உடனே சுற்றிவளைத்து வேலை செய்ததால் அது அதற்கு மேல் பரவவில்லை. கேஸ் ஒன்றோ இரண்டோதான் என்றாலும், அதன் மூலத்தைத் தெரிந்துகொள்வது ஒரு நாட்டின் சான்றிதழையே காப்பாற்றும் வேலை.

இங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. 'வெளியிலிருந்து வந்தது' என்ற சொல் சீக்கிரமே 'வெளியாள் கொண்டுவந்தான்' என்று திரிந்துவிடும். பிழைப்புக்காக எல்லை தாண்டும் கூலித் தொழிலாளியே எல்லா ஊரிலும் முதல் சந்தேக நபர். அவர் பயந்து மருத்துவமனைப் பக்கம் வராமல் போனால் ஒட்டுண்ணிக்குத்தான் லாபம். மரபணுத் தகவலை எல்லைக் காவலுக்குக் கொடுக்கும் துப்பாக வைத்துக்கொண்டால் கெடுதல். அவர் தங்கியிருக்கும் கொட்டகைக்கு முதலில் கொசுவலை கொண்டுபோகும் முகவரியாக வைத்துக்கொண்டால் அதன் பயன் ஊருக்கே போய்ச் சேரும். ஸான்ஸிபார் ஆய்வு காட்டியதும் இதைத்தான். வந்தவரைப் பழி சொல்லும் கதையை ஒட்டுண்ணி பாதிதான் ஆதரித்தது. மீதிப் பாதி உள்ளூர்க் கொசுவின் கதை.

"வெளியூர் போயிருந்தீங்களா?" என்று சுகாதாரப் பணியாளர் இனியும் கேட்கத்தான் வேண்டும். நோயாளி சொல்வதை எழுதிக்கொள்ளத்தான் வேண்டும். அதோடு அவர் விரல் நுனியிலிருந்து எடுக்கும் ஒரு துளி ரத்தம், காகிதத்தில் காய்ந்து, அதே நாட்டின் ஆய்வகத்துக்குப் போய், சில வாரங்களில் ஒரு பதிலாகத் திரும்பி வர வேண்டும். அப்படி வந்தால்தான் அந்த இரண்டு கட்டங்களில் விழும் டிக்கை நம்ப முடியும்.